ஆப்பிள் மரத்துக் கோழிகள்

அத்தியாயம் 11

“ஏணியை ஆட்டாதய்யா!”

“நான் எங்கே ஆட்டுறேன்? மண்ணு ஆடுது. ராத்திரி பூரா பெஞ்ச மழை அப்படி.”

ஒரு கால் ஏணியில், ஒரு கால் கிளையில். எர்மிந்தா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பாழாய்ப் போன சேவல் உச்சாணிக் கிளையில் போய் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்று மரியாதைக்குச் சொல்லலாம். ஒரு காலின் விரல்கள் மட்டும் கிளையைக் கவ்விக்கொண்டிருக்க, உடம்பு பாதி சரிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. முந்தாநாள் வரை மிளகாய்ப் பழமாக இருந்த கொண்டை இன்று கத்தரிக்காய் நிறம்.

கிளையை உலுக்கினாள். தலையிலும் தோளிலும் ஆப்பிள் பூக்கள் கொட்டின. சேவல் விழவில்லை.

கீழே ஏரிக்கரைச் சாலையில் ஒரு வண்டி உறுமிக்கொண்டே வளைவு திரும்பியது.

“வந்துட்டானுங்க,” என்றார் அவள் கணவர் லிசார்தோ. “இறங்குடி. நீ விழுந்தா தூக்கிட்டுப் போற வயசு எனக்குத் தாண்டிப் போச்சு.”

“நீ என்னைத் தூக்க வேண்டாம். கோணியை விரிச்சுப் பிடி.”

இன்னொரு அடி மேலே ஏறினாள். கிளை முனகியது. எட்டி வாலைப் பிடிக்கலாம் என்றால் இந்த ஜாதிக்கு வாலே கிடையாது. காலைத்தான் பிடித்தாள். இழுத்தாள். சேவல் கத்தவில்லை. இறக்கையைக்கூட அடிக்கவில்லை. ஈரத் துணி மாதிரி அவள் கையோடு வந்தது. பிறந்த நாளிலிருந்து யார் தொட்டாலும் கொத்துகிற சேவல் அது.

கோணிக்குள் போட்டு, உருளைக்கிழங்குக் குழியை நோக்கி இருவரும் ஓடினார்கள். குளிர்காலம் முழுக்கக் கிழங்கு சேமித்து வைக்கிற குழி. வசந்தத்தில் காலியாகத்தான் கிடக்கும். இந்த வருடம் காலியாக இல்லை. விடிந்ததிலிருந்து செத்த கோழிகளையும் சாகப் போகிற கோழிகளையும் அதில் போட்டு வைக்கோலால் மூடிக்கொண்டிருந்தாள் எர்மிந்தா.

“எர்மி, இதெல்லாம் வேலைக்கு ஆகுமா?”

“மேய்ஞ்சுட்டு இருக்கிறதைப் பார்த்துட்டு, நல்லாத்தானே இருக்குன்னு டாக்டர் போயிடுவான்.”

“அவன் படிச்சவன்டி.”

“படிச்சவனுக்குக் கோழி தெரியுமா?”

வைக்கோலைப் போட்டு மிதித்தபோது அடியிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல முனகியது. எர்மிந்தா காலை எடுத்துவிட்டாள். பிறகு மறுபடி மிதித்தாள்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், மாற்றுச் சந்தைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

த்ராஃப்கிந்து என்பார்கள். குளிர் விட்டதும் இரண்டு மலைகளின் பெண்களும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடுவார்கள். அங்கே காசு செல்லாது. விதை கொடுத்தால் நாற்று, நாற்று கொடுத்தால் கோழி. கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வாங்கிக்கொண்டால் அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரு வீட்டார் மாதிரி.

அந்தக் கூட்டத்துக்குள்தான் சுனில்தா நடந்து வந்தாள். எர்மிந்தாவின் அக்கா. ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அம்மாவைப் புதைத்துவிட்டு எர்மிந்தா இடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள், அம்மாவின் கோழிகள் அத்தனையையும் மூட்டை கட்டி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டு போனவள். ஒரு குஞ்சுகூட விட்டு வைக்கவில்லை.

வந்தவள் நேராக எர்மிந்தாவின் முன்னால் நின்றாள். ஒரு கோழியை மடியில் வைத்தாள்.

“வெச்சுக்க.”

அவ்வளவுதான் பேச்சு.

காதோரம் இரண்டு பக்கமும் ஜிமிக்கி மாதிரி இறகுக் கொத்து ஆட, அம்மா வளர்த்த வம்சம் மடியில் உட்கார்ந்து எர்மிந்தாவைப் பார்த்தது. நீல முட்டையிடும் ஜாதி. எர்மிந்தாவுக்குக் கண் மறைத்தது. விதைக்கு வைத்திருந்த அவரையைப் பையோடு எடுத்து அக்காவின் கையில் திணித்தாள். அக்கா வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டாள் என்றால் முடிந்தது. ஒன்பது வருடம் ஒரு பை அவரையில் தீர்ந்தது.

சீமாட்டி என்று பெயர் வைத்து, அன்று இருட்டுவதற்கு முன்பே தன் கோழிகளுக்கு நடுவில், மரத்தின் நல்ல கிளையில் ஏற்றி வைத்தாள். வந்த கோழியைத் தனியாகக் கூண்டில் அடைத்தால் கொடுத்தவளைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அப்படி யாரும் செய்வதில்லை.

நாலைந்து நாளில் சீமாட்டி மரத்தடியில் செத்துக் கிடந்தாள். புது இடம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, யாருக்கும் சொல்லாமல் அழுது, புதைத்தாள். அடுத்த வாரம் மற்றவை ஆரம்பித்தன. தண்ணீரில் பூண்டு, தீவனத்தில் சாம்பல், மூக்கில் எண்ணெய். எதற்கும் அடங்கவில்லை.

நகரத்துச் சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் மகள் யானெத் நேற்று லீவில் வந்தாள். கருத்துப் போன ஒரு கொண்டையைப் பார்த்தாள். அம்மாவைக் கேட்கவில்லை. மேட்டில் ஏறி நின்று, சிக்னல் பிடித்து, கால்நடைத் துறைக்குப் போன் போட்டுவிட்டாள்.

* * *

கால்நடை டாக்டர் பாரியெந்தோஸுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. வேலிக்கு வெளியிலேயே நின்று வெள்ளை அங்கி மாட்டி, பூட்ஸுக்கு மருந்து அடித்துக்கொண்டு, இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தான்.

“வாங்க தம்பி. தண்ணி சூடா இருக்கு. மாத்தே டீ போடட்டுமா? பணியாரம்கூடச் சுட்டு வெச்சிருக்கேன்.”

“வேண்டாம்மா. கோவிச்சுக்காதீங்க. இங்கே நாங்க எதையும் வாயில வைக்கக் கூடாது.”

எர்மிந்தாவின் முகம் சுருங்கியது. இந்த வீட்டுக்கு வந்து வாய் நனைக்காமல் போனவன் இதுவரை கிடையாது. போன வருடம் மின்சாரத்தைத் துண்டிக்க வந்தவன்கூட ஒரு கிண்ணம் கோழி சூப் குடித்துவிட்டுத்தான் துண்டித்தான்.

“கோழிங்க எல்லாம் எங்கே?”

“மேயுது பாருங்க. நல்லாத்தான் இருக்கு.”

“செத்தது?”

“ஒண்ணு ரெண்டு. நரி தூக்கிட்டுப் போச்சு.”

“அம்மா.” வாசலில் நின்ற யானெத்தின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. “குழியைக் காட்டு.”

எர்மிந்தா அசையவில்லை. யானெத்தே போய் வைக்கோலை விலக்கினாள். டாக்டர் எட்டிப் பார்த்தான். அவன் எதுவும் சொல்லாததுதான் எர்மிந்தாவுக்குக் கூசியது. திட்டியிருக்கலாம்.

சேவலின் தொண்டைக்குள் ஒரு பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, சின்னப் பெட்டியில் இரண்டு சொட்டு விட்டுக் காத்திருந்தான். லிசார்தோ கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“இந்தக் கோடு என்ன சொல்லுது டாக்டரே? ஆண் குழந்தையா, பெண் குழந்தையா?”

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் நிமிர்ந்தான்.

“பறவைக் காய்ச்சல்மா. இந்த முற்றத்துல எதையும் விட்டு வைக்க முடியாது. நல்லா இருக்கிறதையும் சேர்த்துத்தான்.”

எர்மிந்தா தலையாட்டினாள். விடிந்ததிலிருந்து அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் ஏணியில் ஏறினாள்.

“ஒரு கேள்விக்குச் சரியா பதில் சொல்லணும்.” அவன் குரல் கொஞ்சம் இறுகியது. “வெளியிலேருந்து கோழி, வாத்து, முட்டை ஏதாவது இந்த வீட்டுக்குள்ளே வந்துச்சா? ஒரு மாசத்துக்குள்ளே?”

லிசார்தோ தன் பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றைப் புதிதாய்க் கண்டுபிடித்தவர் போலப் பார்க்க ஆரம்பித்தார். இந்தப் பக்கத்தில் மாடு பற்றி ஆண் பேசலாம், கோழி பற்றிப் பேசக் கூடாது. அது பெண்ணின் சொத்து, பெண்ணின் வாய். அந்த வழக்கம் இன்று அவருக்கு வசதியாகப் போயிற்று.

எர்மிந்தாவுக்கு மடியில் இன்னும் அந்த வெதுவெதுப்பு இருந்தது. வெச்சுக்க. ஒரு பெயர் சொன்னால் போதும். இந்த வெள்ளை அங்கிகள் மலையேறி அக்காவின் வேலிக்குப் போவார்கள். அம்மாவின் வம்சத்தில் மிச்சம் இருப்பதையெல்லாம் வண்டியில் நிற்கிற அந்தப் பீப்பாயில் போட்டுக் கொல்லுவார்கள். யார் சொன்னது என்று அக்கா கேட்பாள். உங்க தங்கச்சிதான் என்பார்கள்.

“இல்லை,” என்றாள்.

“அம்மா…”

“இல்லைன்னு சொன்னேன்ல யானெத்? இங்கே இருக்கிறது பூரா இந்த முற்றத்துலயே பொறந்தது.”

யானெத் அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

“அப்போ ஏரிப் பறவைங்ககிட்டேருந்துதான் வந்திருக்கணும்,” என்றான் டாக்டர். “கரையில அன்னம் ஏதாவது செத்துக் கிடந்துச்சா?”

“எங்ககிட்ட சொல்லிட்டா சாகும்?” என்றார் லிசார்தோ, பூட்ஸைப் பார்த்தபடியே.

“சரி. நாளைக்குக் காலையில ஏரிக்கரை வீடுங்களை ஒண்ணொண்ணா பார்த்துடுறோம். மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டி வராது.”

எர்மிந்தாவுக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதி எப்படிப்பட்ட நிம்மதி என்று யோசிக்க அவன் அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை.

“இன்னொரு உதவிம்மா. எங்களைப் பார்த்தா எல்லாம் மரத்துல ஏறிக்குது. நீங்க கூப்பிட்டா வருமா?”

“நானா?”

“உங்க குரலுக்குத்தானே வரும்.”

* * *

மக்காச்சோளப் பாத்திரத்தை யானெத்தான் எடுத்து வந்து கையில் கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

எர்மிந்தா முற்றத்தின் நடுவில் நின்றாள். ஒரு தடவை கனைத்தாள்.

“தூக்… தூக்… தூக்…”

வேலியோரத்திலிருந்து முதலில் நொண்டிக் கோழி வந்தது. அதற்கு எப்போதும் அவசரம், கால் சரியில்லாத குறையை அவசரத்தில் தீர்த்துக்கொள்ளும். பின்னால் வாலில்லாத இரண்டு சாம்பல் கோழிகள். மரத்திலிருந்து பொத்தென்று குதித்து, பூவும் இறகுமாய், போன வருடத்துக் குஞ்சுகள். ஒன்று அவள் பூட்ஸின் மேலேயே ஏறி நின்று பாத்திரத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது.

“இது ஒண்ணும் நோயாளி இல்லை தம்பி. பாருங்க, கண்ணைப் பாருங்க.”

“தெரியுதும்மா.”

“தெரிஞ்சுமா?”

ஆட்கள் இருவரும் வலையோடு பின்னால் சுற்றி வந்தார்கள். மூடி போட்ட பெரிய பீப்பாய். பக்கத்தில் காஸ் உருளை. குழாயைத் திறந்தால் சீறல். உள்ளே கொஞ்ச நேரம் தடதடவென்று சத்தம், பிறகு அதுவும் இல்லை.

எர்மிந்தா சோளத்தை இறைத்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் மிச்சம் இருப்பது ஓடிவிடும். ஓடட்டுமே என்று கை நின்றது. ஓடினால் வேறு யார் வீட்டுக்கோ போகும் என்று மறுபடி இறைத்தது.

முற்றம் காலியானதும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள்.

விறகடுப்பின் பக்கத்தில், மரப்பெட்டிக்குள், கறுப்பி அடை கிடந்தாள். இன்றோ நாளையோ பொரிக்கிற முட்டைகள். இதை யாரும் கேட்கவில்லை. யானெத்துக்குக்கூட ஞாபகம் இல்லை. எர்மிந்தா கறுப்பியின் கண்ணில் விரல் வைத்து மூடினாள், தன் கம்பளிப் போர்வையை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டாள், அதன் மேல் மாவு மூட்டையைச் சாய்த்தாள், அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தான்.

“வீட்டுக்குள்ளே ஏதாவது இருக்காம்மா?”

“அடுப்பு இருக்கு. நான் இருக்கேன்.”

“சரிம்மா. அப்போ நாங்க…”

கீச்.

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஓட்டுக்குள்ளிருந்து, மெல்லிசாக. எர்மிந்தா இருமினாள்.

கீச். கீச். இன்னொரு முட்டையும் சேர்ந்துகொண்டது. கறுப்பி உள்ளே இருந்தபடியே பதில் சொன்னாள், தாய்க்கோழி பேசுகிற அந்தத் தாழ்ந்த குரலில்.

டாக்டர் தரையைப் பார்த்தான். இன்னும் ஒரு நிமிடம் இருந்தால் அவன் கேட்காத மாதிரியே போயிருப்பானோ என்னவோ. ஆனால் அவன் பின்னால் ஆட்களில் ஒருவன் நின்றிருந்தான்.

“டாக்டர், உள்ளே குஞ்சு கத்துது.”

“ஓட்டுக்குள்ளே இருக்கிறதுக்கு ஏதுய்யா காய்ச்சல்!” எர்மிந்தா எழுந்து நின்றாள். “வெளியில காலே வைக்கலை. காத்துகூடப் படலை. நாளைக்கு வாங்களேன். பொறந்தப்புறம் அந்தக் குச்சியை விட்டுப் பாருங்க. கோடு வந்தா எடுத்துட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்லலை.”

“அம்மா, என் கையில எதுவும் இல்லைம்மா.”

“அப்போ யார் கையில இருக்கு? அவரைக் கூப்பிடுங்க. நான் பேசுறேன்.”

அவன் நின்றான். அவளும் நின்றாள். கடைசியில் லிசார்தோதான் உள்ளே வந்தார். கோழியில் ஒரு நாளும் கை வைக்காத மனிதர் மூட்டையை நகர்த்தி, போர்வையை மடித்துக் கொடியில் போட்டு, பெட்டியை அப்படியே அலுங்காமல் தூக்கினார்.

“நகருடி,” என்றார் மெதுவாக.

எர்மிந்தா பெட்டிக்குள் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தாள். நீல ஓட்டில் நட்சத்திரம் மாதிரி விரிசல். உள்ளேயிருந்து தட்டுவது உள்ளங்கையில் தெரிந்தது. எடுத்ததை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்ப வைத்தாள்.

வண்டி புறப்படும்போது டாக்டர் வேலியில் மஞ்சள் நாடா கட்டினான். “நாளைக்கு நாங்க வர்ற வரைக்கும் யாரும் இந்த வேலியைத் தாண்டக் கூடாது. செருப்பு, துணி, வாளி எதுவும் வெளியே போகக் கூடாது. சரியாம்மா?”

“சரி தம்பி.”

காலையிலிருந்து அவனிடம் சொன்ன எத்தனையாவது பொய் அது என்று அவள் எண்ணவில்லை.

* * *

“பொய் சொல்லிட்டே,” என்றாள் யானெத்.

“ஆமா.”

“அந்தக் கோழி பெரியம்மா வீட்டுலேருந்துதானே வந்துச்சு? அப்போ அங்கேயும் இருக்கும்.”

“இருக்காது. சந்தையில ஆயிரம் கோழி. பக்கத்துக் கூடையிலேருந்து ஒட்டியிருக்கும்.”

“அம்மா, நான் சுகாதார நிலையத்துல வேலை பார்க்கிறேன். இது மனுஷங்களுக்கும் பரவும்னு சொல்லியிருக்காங்க.”

“போன் போட்டியே, அப்போ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டிருந்தா விட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேட்கலை.”

எர்மிந்தா திருப்பிச் சொல்ல வாயெடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இவளும் காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தாள். நொண்டிக் கோழிக்கு முறிந்த காலில் குச்சி வைத்துக் கட்டியவள் இவள்தான், பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில்.

“இங்கே பாரு. என் கோழி போச்சு. சரி, போகட்டும். மறுபடி வளர்த்துக்கலாம், இல்லை வளர்க்காம இருக்கலாம். ஒன்பது வருஷம் கழிச்சு என் அக்கா என்னைத் தேடி வந்தா. அவ முற்றத்துக்கு இந்தப் பீப்பாயை நான் அனுப்பி வெச்சா, அப்புறம் நான் செத்தாக்கூட அவ வர மாட்டா. புரியுதா?”

“அப்போ அவங்க கோழிக்கும் வந்துச்சுன்னா?”

“அதுக்குத்தான் போறேன்.”

“எங்கே?”

“சொல்லிட்டு வர்றேன். வெளியே விடாதே, அடைச்சு வை, ஏரித் தண்ணியைக் காட்டாதே, யாருக்கும் கொடுக்காதே. அதுவாவது தப்பட்டும்.”

“வேலியைத் தாண்டக் கூடாதுன்னு அவர் சொன்னாரு! உன் கால்லயே போகும்மா அது. நீயே கொண்டு போய்க் கொடுத்துடுவே!”

அது எர்மிந்தாவைத் தாக்கியது. கையிரண்டையும் பார்த்துக்கொண்டாள். நகக் கண்ணில் இன்னும் சோளத் தூசி.

அப்புறம் அவள் செய்ததை லிசார்தோ வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். அண்டாவில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் காய்ச்சி, அதில் குளோரின் ஊற்றி, தலையிலிருந்து கால்வரை சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் குளித்தாள். முடியை மூன்று தடவை அலசினாள். முற்றத்துப் பக்கம் ஒரு நாளும் போட்டிராத விசேஷ உடுப்பைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தாள். இந்த வெயில் வேளையில், வெறுங்காலில், கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி நின்றாள்.

“செருப்பு?” என்றாள்.

“என் புது பூட்ஸைப் போட்டுக்க,” என்றார் லிசார்தோ. “கடையிலேருந்து வாங்கின மாதிரியே இருக்கு. வேலை செய்யறவன் பூட்ஸ் இல்லை அது.”

“தெரியும். உன் பூட்ஸ்தானே.”

அந்த நாள் பூராவுக்கும் அது ஒன்றுதான் சிரிப்பு. யானெத்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே மூக்கால் சிரித்தாள். பின்பக்கக் கதவு வழியாக, முற்றத்தை மிதிக்காமல், லிசார்தோ பலகை போட்டுக் கொடுக்க, எர்மிந்தா மஞ்சள் நாடாவுக்கு அடியில் குனிந்து வெளியேறினாள்.

* * *

மலை உச்சியில் ஒரு கணம் நின்றாள். மூச்சு வாங்கியது. பூட்ஸ் இரண்டு அளவு பெரியது, குதிகால் வழுக்கி வழுக்கித் தோல் உரிந்திருந்தது. பின்னால் ஏரி தகதகவென்று கிடந்தது, அன்னங்கள் வெள்ளைப் பொட்டாய். முன்னால், கீழே, அக்காவின் தகரக் கூரை. ஒன்பது வருடத்தில் இந்தப் பக்கச் சரிவில் ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

வேலிக்கு நாலு எட்டு முன்னாலேயே நின்றுவிட்டாள்.

“அக்கா! அக்கோவ்!”

சுனில்தா ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தாள். தங்கையின் உடுப்பைப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள்.

“யார் செத்தது?”

“யாரும் இல்லை.”

“அப்புறம் எதுக்குடி இந்த அலங்காரம்? உள்ளே வா.”

“வர மாட்டேன். அங்கேயே நில்லு. பக்கத்துல வராதே.”

“ஏன், மறுபடி சண்டையா?”

“என் வீட்டுல காய்ச்சல் வந்துடுச்சுக்கா. கோழிக் காய்ச்சல். எல்லாத்தையும் கொன்னுட்டாங்க. நானே கூப்பிட்டு நானே கொடுத்தேன்.” மூச்சு விடாமல் கொட்டினாள். “நான் நல்லாக் குளிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். இருந்தாலும் உள்ளே வர மாட்டேன். நீ உடனே உன் கோழிங்களை அடை. மரத்துல ஏற விடாதே. யார் கேட்டாலும் கொடுக்காதே.”

சுனில்தாவின் முகத்தில் எதுவும் அசையவில்லை. கை மட்டும் ஏப்ரனில் இன்னும் துடைத்துக்கொண்டே இருந்தது.

“அம்மா கோழியும் செத்துப் போச்சு,” என்றாள் எர்மிந்தா. “சீமாட்டின்னு பேர் வெச்சிருந்தேன். முதல்ல அதுதான் போச்சு. என்னை மன்னிச்சுடுக்கா. நீ கொடுத்ததை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவன்னு நெனச்சுக்காதே.”

“நான் ஏன் நெனைக்கிறேன்?”

“எங்கேருந்து வந்துச்சுன்னு அந்த டாக்டர் கேட்டான். நான் உன் பேரைச் சொல்லலை. வெளியிலேருந்து எதுவும் வரலைன்னு சொல்லிட்டேன். என் பொண்ணு முன்னாலேயே சொன்னேன். நீ பயப்படாதே. நாளைக்கு ஏரிக்கரை வீடுங்களைத்தான் பார்க்கப் போறாங்க. இங்கே யாரும் வர மாட்டாங்க.”

“சொல்லலையா?”

“எப்படிச் சொல்லுவேன்? ஒன்பது வருஷம் கழிச்சு நீயா நடந்து வந்தே. உன்னைக் காட்டிக் கொடுப்பேனா?”

சுனில்தா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள், மண்ணில்.

“அக்கா?”

அப்போதுதான் எர்மிந்தாவுக்கு அந்த வீடு காதில் விழுந்தது. சாயங்கால வெயில் சரிந்துவிட்டது. எந்த வீட்டு முற்றத்திலும் கோழிகள் கிளைக்கு அடித்துக்கொள்கிற நேரம் அது, ஒன்றை ஒன்று தள்ளி, திட்டி, குதித்து. இங்கே சிட்டுக்குருவி மட்டும் கத்தியது. வீட்டு ஓரமாக, வேலி இல்லாத பாத்தியில், கீரை முழங்கால் உயரம் வளர்ந்து நின்றது. கோழி இருக்கிற வீட்டில் அப்படிக் கீரை நிற்காது. மரத்தடி மண் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு.

“உன் கோழிங்க எங்கேக்கா?”

“உன்கிட்ட சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டே.”

“எதை?”

“அது நல்லாத்தான் இருந்துச்சு எர்மி. சத்தியமா. அன்னைக்குக் காலையிலகூட முட்டை போட்டுச்சு. இந்த மண்ணை விட்டுப் போனா பொழைச்சுக்கும்னு நெனச்சேன். அம்மா வம்சம் உன்கிட்டயாவது இருக்கட்டும்னு நெனச்சேன்.”

“அக்கா, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. உன் கோழிங்க எங்கே?”

சுனில்தா நிமிர்ந்து, தங்கையின் முகத்தைப் பார்க்காமல், அவள் காலிலிருந்த அந்தப் பெரிய, சுத்தமான பூட்ஸைப் பார்த்துச் சொன்னாள்:

“சந்தைக்கு முன்னாடியே எல்லாம் செத்துப் போச்சு. உன் மடியில வெச்சேனே, அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு.”